முதல் 200 கிலோமீட்டர்: சாதாரண ஆள் பன்னிரண்டு வாரத்தில் சைக்கிளில் தயாராவது எப்படி

திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பினால் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். சைக்கிளில் ஒரே நாளில் போய் வருகிறேன் என்று முதல் தடவை கிளம்பியபோது எனக்கு 41 வயது. போகும்போது பறந்து போனேன். திரும்பும்போது, நாங்குநேரிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. கால் வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, ஆனால் உடம்பில் ஒன்றுமே மிச்சம் இல்லாதது போல இருந்தது. அப்புறம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த டீக்கடையில் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி, "காலையில என்ன சாப்பிட்ட தம்பி?" நாலு இட்லி, நடுவில் மூன்று டீ. 140 கிலோமீட்டருக்கு அவ்வளவுதான். அவர் மோரில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தார், கூடவே வாழைப்பழம் நாலு. முக்கால் மணி நேரத்தில் என்னால் திரும்பவும் மிதிக்க முடிந்தது.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் எல்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி சாப்பாடு, உப்பு, சீட் உயரம், நேரக்கணக்கு. இதையெல்லாம் சரிசெய்த பிறகு எது நம்மை நிறுத்துகிறதோ அதுதான் உண்மையான எல்லை, அது நாம் நினைத்த இடத்தைவிட ரொம்ப தூரத்தில் இருக்கிறது.

எதைக் குறிவைக்கிறோம்

நீண்ட தூர சைக்கிள் ஓட்டத்துக்கு உலகம் முழுக்க ஒரு அளவுகோல் உண்டு. பிரான்சில் 1904இல் தொடங்கிய ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் வகுத்த விதிகள்படி நடக்கும் சவாரிகளை பிரெவே என்பார்கள், நம் ஆட்கள் பி.ஆர்.எம். என்று சொல்வார்கள். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40 மணி நேரம். ஒரே பருவத்தில் நாலையும் முடித்தால் சூப்பர் ராண்டனியர் என்ற பட்டம். இந்தியாவில் ஆடாக்ஸ் இந்தியா ராண்டனியர்ஸ் என்ற அமைப்பின் கீழ் பல ஊர்க் கிளப்புகள் இதை நடத்துகின்றன. இது பந்தயம் கிடையாது, முதலில் வந்தவர் கடைசியில் வந்தவர் என்று தரவரிசை போடுவதில்லை. குறித்த நேரத்துக்குள் முடித்தீர்களா, அவ்வளவுதான். எனக்கு இது ரொம்பப் பிடித்தது இதனால்தான்.

பதின்மூன்றரை மணி நேரத்தில் 200 என்றால் சராசரி 15 கிலோமீட்டர் வேகம்கூட வேண்டாம். மணிக்கு 20இல் ஓட்டினால் 10 மணி நேரம், நிற்பதற்கு மூன்றரை மணி நேரம் மிச்சம். 18இல் ஓட்டினால் 11 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், மிச்சம் இரண்டே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இப்போது ஒரு டீக்கு 20 நிமிஷம் வீதம் பத்து இடத்தில் நின்றால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நேரம் தாண்டிப்போகும் பலருக்கு அது தாண்டுவது சைக்கிள் மேல் இருக்கும்போது இல்லை, கீழே இறங்கி நிற்கும்போதுதான்.

முதலில் டாக்டர்

40 தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால் அவர்களும், ஆரம்பிக்கும் முன்பே டாக்டரைப் பார்த்து, இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்று சொல்லுங்கள். "கொஞ்சம் எக்சர்சைஸ் பண்ணப் போறேன்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். பத்து மணி நேரம் வெயிலில் மிதிக்கப் போகிறேன் என்று சொன்னால்தான் அவர் தேவையான சோதனையைச் செய்து பார்ப்பார்.

சைக்கிள்: விலையைவிட அளவு முக்கியம்

லட்ச ரூபாய் சைக்கிள் வேண்டாம். கியர் உள்ள ஒரு ஹைப்ரிட், அதாவது ரோடு சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுவிலான ரகம், போதும். டயர் மட்டும் ரொம்பத் தடிமனான முள்ளுப் பல் டயராக இருந்தால் மாற்றிவிடுங்கள், நம் சாலைகளுக்கு 28 முதல் 35 மில்லிமீட்டர் அகலம் வசதி. காற்று எவ்வளவு என்பது டயர் பக்கவாட்டிலேயே அச்சடித்திருக்கும், அந்த உச்ச அளவுக்கு அடைக்க வேண்டியதில்லை, கொஞ்சம் குறைவாக வைத்தால் கையும் முதுகும் தப்பிக்கும்.

சீட் உயரத்துக்கு ஒரு எளிய வழி: சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முட்டி நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முட்டி தானாகவே லேசாக மடங்கி நிற்கும், அதுதான் சரியான உயரம். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம் அதிகம். ஒரே நாளில் ஒரு இன்ச் மாற்றாதீர்கள், நாலைந்து மில்லிமீட்டராக மாற்றி இரண்டு சவாரி ஓட்டிப் பாருங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உடம்பின் பாரம் கையில் விழுகிறது என்று அர்த்தம். சீட்டின் மூக்கு முன்னால் சரிந்திருக்கிறதா பாருங்கள், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கையை மாற்றிப் பிடியுங்கள்.

பஞ்சு வைத்த சைக்கிள் டிரவுசர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள், அதற்குள் வேறு உள்ளாடை போடக் கூடாது, தையல் உரசிப் புண்ணாகிவிடும். 100 தாண்டினால் எல்லாருக்கும் இந்த இடத்தில்தான் பிரச்சினை ஆரம்பிக்கும், ஆனால் வெட்கப்பட்டு யாரும் சொல்வதில்லை. தொடையிடுக்கில் கொஞ்சம் வாசலின் தடவிக்கொண்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

பன்னிரண்டு வாரம்

வாரத்தில் மூன்று நாள் சைக்கிள். செவ்வாய் ஒரு மணி நேரம் மெதுவாக. வியாழன் ஒரு மணி நேரம், அதில் கொஞ்சம் கடினம். ஞாயிறு நீண்ட சவாரி. ஞாயிறு தூரங்கள் இப்படிப் போகட்டும்: 40, 50, 60, அப்புறம் இறக்கி 40. அடுத்த நாலு வாரம் 70, 85, 100, மறுபடி இறக்கி 60. அதற்கடுத்து 120, 150, 70, பன்னிரண்டாவது வாரம் 200.

நாலாவது வாரமும் எட்டாவது வாரமும் ஏன் இறங்குகிறது என்று கேட்பீர்கள். உடம்பு பலம் பெறுவது ஓட்டும்போது இல்லை, ஓட்டிய பிறகு ஓய்வில்தான். மூன்று வாரம் சேர்ந்த களைப்பை அந்த இறங்கு வாரம் தின்றுவிடும், அடுத்த வாரம் நீங்களே வித்தியாசத்தை உணர்வீர்கள். "இந்த வாரம் நல்லா இருக்கேன், 110 போயிடலாமே" என்று தோன்றும், போகாதீர்கள். அதே மாதிரி, 200க்கு முன் 200 ஓட்டிப் பார்க்க வேண்டிய தேவையில்லை, 150 சுகமாக முடிந்தால் மிச்சம் 50 வந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை வேகம் எவ்வளவு? பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். தனியாக ஓட்டினால் சத்தமாகப் பேசிப் பாருங்கள், நடுவில் மூச்சுக்கு நின்றால் வேகம் அதிகம். இவ்வளவு மெதுவாக ஓட்டி என்ன பயன் என்று ஆரம்பத்தில் எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த மெதுவான மணி நேரங்கள்தான் கொழுப்பை எரிபொருளாக எடுக்க உடம்பைப் பழக்குகின்றன, பத்து மணி நேர வேலைக்கு வேண்டியது அதுதான். பெடலைக் கனமான கியரில் அமுக்கி மிதிக்காமல், இலகுவான கியரில் நிமிஷத்துக்கு 80 சுற்று வருகிற மாதிரி சுழற்றுங்கள், முட்டி தப்பிக்கும்.

வியாழக்கிழமைதான் எல்லையைத் தொடுகிற நாள். பத்து நிமிஷம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, எட்டு நிமிஷம் மூன்று நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகத்தில், அப்புறம் நாலு நிமிஷம் மெதுவாக. இப்படி மூன்று தடவை. முதல் மூன்று வாரம் இது வேண்டாம், நாலாவது இறங்கு வாரம், ஐந்தாவது வாரத்திலிருந்து ஆரம்பியுங்கள். சமவெளியில் இருப்பவர்கள் மேட்டுக்கு எங்கே போவது என்று கவலைப்பட வேண்டாம், எதிர்காற்று இருக்கிறது, அதிகாலையில் வண்டி இல்லாத மேம்பாலம் இருக்கிறது. மலை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது: 14 கொண்டை ஊசி வளைவுள்ள ஏலகிரி முதல் மலைக்குச் சரியானது, அப்புறம் 20 வளைவுள்ள ஏற்காடு. 70 வளைவுள்ள கொல்லிமலையை இந்தப் பன்னிரண்டு வாரத்துக்குள் தொட வேண்டாம், அது தனியாக ஒரு வருஷத்துக் கனவு.

ஒவ்வொருவரும் தன் ஊரை வைத்து ஒரு ஏணி கட்டிக்கொள்வது நல்லது என்பது என் எண்ணம். எனக்கு நாங்குநேரி போய் வந்தால் 60, தூத்துக்குடி போய் வந்தால் 100, திருச்செந்தூர் போய் வந்தால் 110 சொச்சம். சென்னைக்காரர்களுக்கு மாமல்லபுரம் இருக்கிறது. பெயர் தெரிந்த ஊரைத் தொட்டுத் திரும்பும்போது வருகிற தைரியம், வீட்டைச் சுற்றிச் சுற்றி அதே தூரம் ஓட்டினால் வராது.

காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணிப் பழகுங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டு துடிப்பு அதிகமாக இருந்து, தூக்கமும் சரியில்லை, எரிச்சலும் வருகிறது என்றால் அன்றைக்கு ஓய்வு.

சாப்பாடு, தண்ணீர், உப்பு

இதில்தான் நான் விழுந்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தசையிலும் ஈரலிலும் சேர்த்து உடம்பு வைத்திருக்கிற சர்க்கரைச் சேமிப்பு ஏறக்குறைய 2,000 கலோரி. கொழுப்பு எரிந்தாலும் கூடவே இந்தச் சேமிப்பும் கரைந்துகொண்டே இருக்கும். தீர்ந்துபோனால் மூளைக்குப் போகிற சர்க்கரையும் குறையும், அப்போதுதான் கால் நன்றாக இருந்தும் எழுந்திருக்க முடியாத அந்த நிலை வரும். பசி எடுத்த பிறகு சாப்பிடுவது தாமதம். கிளம்பிய முக்கால் மணி நேரத்திலிருந்தே, மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும். கைக்கடிகாரத்தில் அரை மணிக்கு ஒருமுறை மணியடிக்க வையுங்கள், அடித்தால் வாயில் ஏதாவது போடுங்கள்.

நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் சுமார் இருக்கும், நம் சின்ன பூவன் பழம் என்றால் அதைவிடக் குறைவு, இரண்டாகச் சாப்பிடுங்கள். பேரீச்சை நல்லது. கருப்பட்டி கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரைதான், 50 கிராம் துண்டு ஒரு மணி நேரத்துக்கு ஓடும், சட்டைப் பையில் உருகவும் செய்யாது. கோவில்பட்டி கடலை மிட்டாய் எனக்கு உயிர், ஆனால் கடலையில் பாதி எண்ணெய், ஜீரணமாக நேரமாகும், அதனால் அதை முதல் பாதியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி 50இல் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்குத் தயிர்சாதமும் ஊறுகாயும் மாதிரி வேறொன்று இல்லை: சோறு இருக்கிறது, நீர் இருக்கிறது, உப்பு இருக்கிறது, வயிறும் கனக்காது. பரோட்டா சால்னா முடித்த பிறகு, இரவில். இது எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கஷ்டமான விஷயம் என்று எனக்குத் தெரியும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை, வெயிலைப் பொறுத்து. உங்களுக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று சோதித்துப் பாருங்கள்: ஒரு மணி நேர சவாரிக்கு முன்னும் பின்னும் வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள், குறைந்த எடையோடு நடுவில் குடித்ததைச் சேர்த்தால் அதுதான் உங்கள் வியர்வை, ஒரு கிலோவுக்கு ஒரு லிட்டர்.

வெறும் தண்ணீரை மட்டும் மடக்மடக்கென்று குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். விரல் வீங்கி மோதிரம் இறுகும், தலைவலி, குமட்டல், அப்புறம் குழப்பம். இளநீரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது, அதில் பொட்டாசியம்தான் நிறைய, வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம். இளநீர் குடியுங்கள், கூடவே ஒரு சிட்டிகை உப்பு. உப்புப் போட்ட மோர், எலுமிச்சை உப்பு சோடா, ஓ.ஆர்.எஸ். எல்லாம் நல்லவை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை லிட்டர் பாட்டிலில் முழு பாக்கெட்டைக் கொட்டாதீர்கள். இன்னொன்று, உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். அளவுப்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம்தான், அதனால் அது சாப்பாட்டுக்கு ஈடாகாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பு விஷயத்தை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

எதுவாக இருந்தாலும் ஞாயிறு சவாரிகளில் சாப்பிட்டுப் பழகியதை மட்டுமே அந்த நாளில் சாப்பிடுங்கள்.

காற்று, வெயில், ரோடு

வடகிழக்குப் பருவக்காற்று நேரத்தில், அதாவது நவம்பர் முதல் ஜனவரி வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து தெற்கே போகும்போது காற்று முதுகில் தள்ளும். கால்தான் பலமாகிவிட்டது என்று நினைப்போம். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். நான் கன்னியாகுமரிக்குப் பறந்து போனதும் ஒரு டிசம்பரில்தான். எதிர்காற்றில் வேகத்தைப் பார்க்காதீர்கள், மூச்சைப் பாருங்கள். 20 ஓட்டிய அதே உழைப்பில் 14தான் வரும், அது சரிதான். கியரை இறக்கி, முழங்கையை மடக்கி, உடம்பைத் தாழ்த்துங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை முப்பந்தல், ஆரல்வாய்மொழி கணவாய்ப் பக்கம் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று சைக்கிளையே ஒதுக்கித் தள்ளும், அத்தனை காற்றாலைகள் அங்கே நிற்பது அதனால்தான். லாரி கடக்கும்போது ஒரு கணம் காற்று நின்று மறுபடி அடிக்கும், அந்த இடத்தில் ஹேண்டில்பாரைத் தளர்வாக, ஆனால் இரண்டு கையாலும் பிடியுங்கள்.

முதல் 200ஐ டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே வேண்டாம். ஹெல்மெட், முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, ஒளி திருப்பும் சட்டை இல்லாமல் விடியற்காலையில் ரோட்டில் ஏறாதீர்கள். நாலுவழிச் சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, இடது ஓரத்தில் ஓட்டுங்கள், எதிர்ப்பக்கமாக வருகிற பைக்குகளுக்கு எப்போதும் தயாராக இருங்கள். நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டுவதைவிட, மெதுவாக்கி அதட்டுவது பெரும்பாலும் பலிக்கும். விடாவிட்டால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள்.

பஞ்சர்

உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் உள்ள நாட்டில் இதைக் கற்காமல் கிளம்பக் கூடாது. இரண்டு மாற்று டியூப், டயர் நெம்பி, கைப்பம்பு, ஒட்டு. வீட்டில் பின்சக்கரத்தை மூன்று தடவை கழற்றி மாட்டிப் பழகுங்கள். டியூப் மாற்றும் முன் டயரின் உட்பக்கம் முழுவதும் விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள், முள் இன்னும் அங்கேயே இருக்கும், அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் பத்து நிமிஷத்தில் அதுவும் போய்விடும்.

அந்த நாள்

முந்தைய இரவு தூக்கம் சரியாக வராது, பரவாயில்லை, அதற்கு முந்தைய இரவு நன்றாகத் தூங்கியிருந்தால் போதும். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன் இட்லியோ பொங்கலோ. முதல் 50ஐ வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுங்கள். மற்றவர்கள் எல்லாரும் முந்திப் போவார்கள், போகட்டும், அவர்களில் சிலரை 150இல் நிழலில் பார்ப்பீர்கள்.

200ஐ நாலு ஐம்பதாக உடைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஐம்பதுக்கும் ஒரு பெரிய நிறுத்தம், அதில் செய்ய வேண்டியதை வரும் வழியிலேயே மனதில் வரிசைப்படுத்துங்கள்: பாட்டில் நிரப்ப, உப்பு, சாப்பாடு, முகம் கழுவ, கிளம்ப. பிரெவேயில் கட்டுப்பாட்டு இடங்களுக்கும் மூடும் நேரம் உண்டு, அங்கே பதிவு செய்ய மறந்தால் ஓட்டியது கணக்கில் வராது.

120க்கும் 150க்கும் நடுவில் ஒரு இருட்டு வரும். இதெல்லாம் எதற்கு, பஸ்ஸில் ஏற்றிவிடலாமா என்று மனசு கேட்கும். அந்த நேரத்தில் முடிவெடுக்காதீர்கள். நிழலில் நின்று ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டு, உப்புத் தண்ணீர் குடித்து, பத்து நிமிஷம் கழித்து அடுத்த ஐந்து கிலோமீட்டர் மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் அதற்குள் வெளிச்சம் வந்துவிடுகிறது.

ஆனால் எல்லா வலியையும் அப்படித் தள்ளக் கூடாது. தொடை எரிச்சல், சலிப்பு, முதுகு இறுக்கம், இவற்றைத் தாண்டலாம். நெஞ்சில் பாரம், கைக்கோ தாடைக்கோ பரவுகிற வலி, இயல்பில்லாத மூச்சுத்திணறல் என்றால் அந்த இடத்திலேயே இறங்கி 108. கொதிக்கிற வெயிலில் மயிர்க்கூச்செறிந்து குளிருகிறது, தலை கிறுகிறுக்கிறது என்றால் வெயில் உடம்பை அடித்துவிட்டது. நிழல், தலையிலும் கழுத்திலும் தண்ணீர், அன்றைக்கு அவ்வளவுதான். பேச்சு குழறினால், ஊர்ப் பெயரே குழம்பினால் தண்ணீரை ஊற்றிக்கொண்டே 108ஐக் கூப்பிட வேண்டும், காத்திருக்கக் கூடாது. சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் அன்றே ஆஸ்பத்திரி. முட்டியில் குத்துகிற வலி வந்து மிதிக்கும் விதமே மாறினால் நிறுத்துங்கள், ஒரு 200க்காக ஆறு மாதத்தைத் தொலைக்க வேண்டாம். சாலை அடுத்த மாதமும் அங்கேயேதான் இருக்கும்.

முடித்த பிறகு

இறங்கியதும் தரையில் சாயாமல் பத்து நிமிஷம் நடங்கள். ஒரு மணி நேரத்துக்குள் சோறும் முட்டையும், அல்லது சோறும் பருப்பும். மறுநாள் படுத்தே கிடக்காமல் கொஞ்சம் நடங்கள், மூன்றாவது நாள் அரை மணி நேரம் இலகுவாக மிதியுங்கள். இரண்டு வாரத்துக்கு 60க்கு மேல் வேண்டாம்.

அதற்குள் 300 பற்றி யோசிக்க ஆரம்பித்திருப்பீர்கள், எனக்கு மூன்றே நாள் ஆனது. அதன் 20 மணி நேரத்தில் பல மணி நேரம் இருட்டில் போகும், எனவே பெயர் கொடுக்கும் முன் ஒரு 80 கிலோமீட்டரை துணையோடு, முழுக்க இரவில், தெரிந்த ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். விளக்கின் பேட்டரி உண்மையில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதை அன்றைக்கே குறித்து வையுங்கள்.